திரையில் ஒளிரும் 294: ஒரு வீட்டு ட்ரெட்மில் பற்றிய மதிப்பீடு

எங்கள் வீட்டு விறாந்தையில் நிற்கும் மடக்கு ட்ரெட்மில் ஓடுவதற்கு நல்ல கருவி. ஆனால் அதன் திரையில் கலோரி என்ற பெயரில் ஒளிரும் எண்ணுக்கும், அதன்மேல் ஏறி ஓடுகிற மனிதருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. யாழ்ப்பாணத்தில் இன்று பல வீடுகளில் இத்தகைய கருவிகள் வந்துவிட்டன. வாங்குவோரில் பெரும்பாலோர் முதலில் பார்ப்பதும் அந்த எண்ணைத்தான் என்பதால், இந்த மதிப்பீட்டில் மற்ற வசதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, கலோரிக் கணக்கைப் பற்றி விரிவாக எழுதுகிறேன்.

கருவியை யாழ் நகரின் கடையொன்றில் ஒன்றரை இலட்சம் ரூபாய்க்குச் சற்று மேலான விலைக்கு வாங்கினோம். 2.5 குதிரைவலு மோட்டார், மணிக்கு 14 கிலோமீற்றர் வரை வேகம், கையால் மாற்றக்கூடிய மூன்று சரிவு நிலைகள், மடித்துச் சுவரோரம் நிறுத்தும் வசதி ஆகியவை உண்டு. கார்த்திகை, மார்கழி மழையிலும், பண்ணைப் பாலத்தில் சோழகக் காற்று முகத்தில் அடிக்கிற மாதங்களிலும், விடியற்காலை ஒழுங்கைகளில் நாய்கள் துரத்துகிற எல்லா நாட்களிலும் வீட்டுக்குள்ளேயே ஓடலாம் என்பதே வாங்கியதன் காரணம். கடையில் நின்ற இளைஞர், "அண்ணை, ஒரு மணித்தியாலம் ஓடினா ஆயிரம் கலோரி போயிடும், நீங்கள் திரையிலேயே பாக்கலாம்" என்று உறுதியாகச் சொன்னார். ஒரு மணித்தியாலத்தில் திரையில் ஆயிரத்தைப் பார்ப்பது இந்தக் கருவியில் நடக்கவே முடியாத காரியம் என்பது வீட்டுக்கு வந்தபின் செய்த கணக்கில் தெரிந்தது.

எனது நிறை 82 கிலோகிராம், மனைவியின் நிறை 54 கிலோகிராம். மணிக்கு 8.4 கிலோமீற்றர் வேகத்தில் அரை மணி நேரம் ஓடினால் இருவருக்கும் தூரம் 4.2 கிலோமீற்றர் என்று திரை காட்டுகிறது, அதில் தவறில்லை. ஆனால் கலோரியும் இருவருக்கும் 294 என்றே வருகிறது. 294 ஐ 4.2 ஆல் வகுத்தால் சரியாக 70 கிடைக்கும். வேகத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும், நடந்தாலும் ஓடினாலும், ஒரு கிலோமீற்றருக்கு 70 கலோரி என்ற ஒரே விகிதத்தைத்தான் கருவி பெருக்கிக்கொண்டு போகிறது. இதை உறுதிப்படுத்த ஒரு எளிய சோதனை செய்தோம். யாரும் ஏறாமல், வெறும் பட்டியை அதே வேகத்தில் 10 நிமிடம் ஓடவிட்டோம். 1.4 கிலோமீற்றர், 98 கலோரி என்று திரை பெருமையோடு அறிவித்தது. அந்தக் கலோரியை எரித்தது யார் என்று மகன் கேட்டான். மின்சார சபையின் பட்டியலில் வரும் என்று சொல்லிவைத்தேன். இதே விகிதத்தில் பார்த்தால், கருவி தரக்கூடிய உச்ச வேகத்தில் ஒரு மணித்தியாலம் நிற்காமல் ஓடினாலும் திரையில் 980 தான் வரும். கடைக்காரர் சொன்ன ஆயிரத்தை அது தன் கணக்கிலேயே எட்டாது.

ஓடும்போது செலவாகும் சக்தியை ஆய்வுகூடத்தில் அளப்பவர்கள் வேகத்தை மட்டும் பார்ப்பதில்லை. முகமூடி அணிவித்து, உள்ளே போகும் ஒட்சிசனையும் வெளியே வரும் காபனீரொட்சைட்டையும் அளக்கிறார்கள். உடல் ஒரு லீற்றர் ஒட்சிசனைப் பயன்படுத்தும்போது ஏறத்தாழ 5 கிலோகலோரி சக்தி வெளிப்படுகிறது. நாம் பேச்சில் கலோரி என்று சொல்வது இந்தக் கிலோகலோரியைத்தான். முகமூடி இல்லாத நமக்கு உதவுவது, அத்தகைய அளவீடுகளிலிருந்து அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி வகுத்துத் தந்துள்ள சமன்பாடு. சமதளத்தில் ஓடுகிறவரின் வேகத்தை நிமிடத்துக்கு இத்தனை மீற்றர் என்று எடுத்து, அதை 0.2 ஆல் பெருக்கி, 3.5 ஐக் கூட்டினால், உடல் நிறையின் ஒவ்வொரு கிலோகிராமும் நிமிடத்துக்கு எத்தனை மில்லிலீற்றர் ஒட்சிசனைப் பயன்படுத்துகிறது என்பது கிடைக்கும். அந்த 3.5, சும்மா இருக்கும்போதும் உடலுக்கு வேண்டிய பங்கு.

மணிக்கு 8.4 கிலோமீற்றர் என்பது நிமிடத்துக்கு 140 மீற்றர். ஆகவே 28 உடன் 3.5 சேர்ந்து 31.5 மில்லிலீற்றர். எனது 82 கிலோவால் பெருக்கினால் நிமிடத்துக்கு 2.58 லீற்றர் ஒட்சிசன், அதாவது 12.9 கலோரி, அரை மணி நேரத்துக்கு ஏறத்தாழ 387. மனைவிக்கு அதே ஓட்டத்தில் 255 தான் வருகிறது. எனக்கு 93 ஐக் குறைத்துக் காட்டுகிற திரை, அவருக்கு 39 ஐக் கூட்டிக் காட்டுகிறது. இதே சமன்பாட்டின்படி ஒரு மணி நேரத்தில் ஆயிரம் கலோரி செலவாக வேண்டுமானால், எனது நிறையுள்ள ஒருவர் மணிக்கு 11 கிலோமீற்றருக்குக் குறையாத வேகத்தில் அந்த மணித்தியாலம் முழுவதும் ஓடவேண்டும். நாற்பதைத் தாண்டிய, அலுவலகக் கதிரையில் பகலைக் கழிக்கிற என்னைப் போன்றவர்களுக்கு அது இலகுவான காரியமன்று.

இந்த 387 லும் ஒரு பகுதியை நான் ஓட்டத்தின் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்த அரை மணி நேரம் சாய்மனைக் கதிரையில் படுத்திருந்தாலும் 43 கலோரி செலவாகியிருக்கும். அதைக் கழித்தால், ஓடியதனால் மட்டும் செலவானது 344. அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் ஒரு வசதியான உண்மை புலப்படும்: 4.2 கிலோமீற்றரை 82 கிலோகிராமால் பெருக்கினாலும் அதே 344 தான். ஓட்டத்தில் ஒரு கிலோகிராம் நிறையை ஒரு கிலோமீற்றர் கொண்டுபோக ஏறத்தாழ ஒரு கிலோகலோரி வேண்டும், வேகம் எதுவானாலும் இது அதிகம் மாறுவதில்லை என்று இத்தாலிய உடற்றொழிலியலாளர் மார்காரியாவும் உடனாய்வாளர்களும் 1963 இலேயே காட்டியிருக்கிறார்கள். விரைவாக ஓடினால் நிமிடக் கணக்கில் அதிகம் எரியும். தூரக் கணக்கில் ஏறத்தாழ அதேயளவுதான். தூரத்தையும் நிறையையும் பெருக்கத் தெரிந்தவருக்குத் திரையின் கலோரி தேவையே இல்லை.

திரை மிக மோசமாக ஏமாற்றுவது நடக்கிறவர்களை. நடையில் ஒரு கிலோமீற்றருக்கான செலவு ஓட்டத்தின் பாதியளவுதான், சமன்பாட்டிலும் 0.2 இன் இடத்தில் 0.1 வரும். கருவிக்கு இந்த வேறுபாடு தெரியாது. மனைவி மணிக்கு 5 கிலோமீற்றர் வேகத்தில் அரை மணி நேரம் நடந்தால் 2.5 கிலோமீற்றருக்கு 175 கலோரி என்கிறது. சமன்பாட்டின்படி, சும்மா இருக்கும்போதும் ஆகிற செலவையும் சேர்த்தே 96 தான் வருகிறது. வீட்டு ட்ரெட்மில்லில் ஓடுகிறவர்களைவிட நடக்கிறவர்களே அதிகம் என்பதையும், சலரோகத்துக்காக வைத்தியர் நடக்கச் சொன்ன பெரியவர்கள் இந்த எண்ணைக் கொப்பியில் குறித்து வைப்பதையும் நினைத்தால், இதைச் சிறிய குறையென்று ஒதுக்க என்னால் முடியவில்லை.

சரிவின் கதையும் இதுவே. பின்பக்கத்துக் கால்களைக் கையால் மடித்துச் சரிவை மாற்றுவதால், மாற்றியது திரைக்குத் தெரியவே வழியில்லை. மேசன் வேலைக்கு வைத்திருந்த நீர்மட்டத்தை வைத்துப் பார்த்ததில், மூன்றாம் நிலையில் ஒரு மீற்றர் நீளத்துக்கு 5 சென்ரிமீற்றர் உயர்வு இருந்தது. அதாவது 5 சதவீதச் சரிவு. அந்தச் சரிவில் மேற்சொன்ன அதே நடை 96 இலிருந்து 157 கலோரியாக உயரும். எனது ஓட்டத்துக்கோ அரை மணி நேரத்தில் 77 கலோரி மேலதிகம். நடக்கிறவர்களுக்குச் சரிவு தரும் பயன் இவ்வளவு பெரிது. முழங்கால் அனுமதித்தால் வேகத்தைக் கூட்டுவதைவிடச் சரிவைக் கூட்டுவதையே நான் சொல்வேன். ஆனால் சரிவில் ஏறியதும் கைபிடியைப் பிடித்துத் தொங்குகிற பழக்கம் பலருக்கு உண்டு. உடலின் பாரத்தைக் கைகள் தாங்கும்போது கால்களின் வேலை குறைகிறது. சரிவு கொடுத்ததைக் கைபிடி திரும்ப வாங்கிக்கொள்கிறது.

வேகமும் தூரமும் உண்மையா என்ற ஐயமும் இருந்தது, ஏனென்றால் எல்லாக் கணக்கும் அதன்மேல்தான் நிற்கிறது. பட்டியின் ஓரத்தில் வெண்கட்டியால் ஒரு கோடு இட்டு, அளவுநாடாவால் சுற்றளவை அளந்ததில் 2.6 மீற்றர் வந்தது. 8.4 என்ற வேகத்தில் வெறும் பட்டி நிமிடத்துக்கு 54 தடவை சுற்றியது. அது நிமிடத்துக்கு 140 மீற்றர், திரை சொன்னதேதான். நான் ஏறி ஓடும்போது மகன் தொலைபேசியில் படம்பிடித்து மெதுவாக ஓடவிட்டு எண்ணினான், 52 சுற்று. எனது பாரத்தில் பட்டி சற்றுத் தயங்குகிறது. அரை மணி நேரத்தில் ஓடியது 4.2 அல்ல, ஏறத்தாழ 4.05 கிலோமீற்றர். இந்த விலைக் கருவிக்கு இது ஏற்கக்கூடிய பிழை. பட்டிக்கு அடியில் சிலிக்கன் எண்ணெய் காய்ந்துபோனால் தயக்கம் கூடும் என்பதால், எண்ணெய் இடுவதை ஒத்திப்போடக் கூடாது. நமது தூசுக்கு வழிகாட்டியில் சொன்னதைவிட அடிக்கடி துடைக்கவும் வேண்டும்.

திரையை நம்பாமல் கைக்கடிகாரத்தை நம்பலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017 இல் வெளியிட்ட ஆய்வொன்றில் மணிக்கட்டில் அணியும் 7 கருவிகளைச் சோதித்தார்கள். இதயத் துடிப்பை அவற்றில் 6 கருவிகள் 5 சதவீதப் பிழைக்குள் காட்டின. சக்திச் செலவிலோ மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 சதவீதம் பிழையாகக் காட்டியது. மிக மோசமானது 93 சதவீதம். நமது ஊரில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. வெக்கையில் உடலைக் குளிர்விக்கத் தோலுக்கு இரத்தம் அனுப்ப வேண்டியிருப்பதால், அதே வேகத்திலும் இதயம் விரைந்து துடிக்கிறது. ஒட்சிசன் பயன்பாடு அந்த அளவுக்கு உயர்வதில்லை. துடிப்பைக் கொண்டு கலோரியை ஊகிக்கிற கடிகாரம் வெக்கையையும் உழைப்பாக எண்ணிவிடும். ட்ரெட்மில்லில் ஓடுகிறவர் நின்ற இடத்திலேயே ஓடுவதால் வெளியில் ஓடும்போது உடலில் படுகிற காற்றும் கிடையாது. சித்திரை மாதத்து மாலையில் மின்விசிறி இல்லாமல் ஓடியபோது எனது கடிகாரம் காட்டிய கலோரி, விசிறியை எதிரே வைத்து அதே தூரம் ஓடியபோது காட்டியதைவிட அதிகம். வியர்வையில் இறங்கும் நிறையும் அப்படித்தான். இரண்டு செம்பு தண்ணீரோடு அது திரும்பி வந்துவிடும்.

இந்த எண்களைக் கொண்டு சாப்பாட்டோடு பேரம் பேசுவதில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. 100 கிராம் தேங்காய்ப்பூவில் ஏறத்தாழ 350 கலோரி உண்டு. காலைப் பிட்டிலும் சம்பலிலும் சொதிக்குப் பிழிந்த பாலிலும் சேர்கிற தேங்காயைக் கணக்கெடுத்தால், எனது அரை மணி நேர ஓட்டம் அங்கேயே தீர்ந்துவிடும். ஒரு கிலோகிராம் உடற்கொழுப்புக்கு ஏறத்தாழ 7700 கலோரி என்று எடுத்துக்கொண்டால், அத்தகைய ஓட்டம் 22 தேவை, அதுவும் அந்த நாட்களில் மேலதிகமாக ஒரு கவளமும் உண்ணாமல். மனைவியைப் போன்றவர் திரையின் 175 ஐ நம்பி மாலைத் தேத்தண்ணியோடு ஒரு றோல்ஸை நியாயப்படுத்தினால், நட்டம் அவருக்கே.

மற்றவை: மோட்டாரின் சத்தம் தாங்கக்கூடியது, ஆனால் மேல்மாடியில் வைத்தால் கீழே இருப்பவர் கோபிப்பார். உயரமானவர்களுக்குத் தளத்தின் நீளம் போதாது. வேகமாக ஓடும்போது பின்னங்கால் விளிம்பைத் தொடுகிறது. மின்னழுத்தம் தளம்பும் பகுதிகளில் இருப்போர் கருவிக்கும் சுவர் மின்னிணைப்புக்கும் இடையே ஒரு நிலைப்படுத்தியைப் பொருத்துவது நல்லது. கலோரி எண்ணைப் பற்றிக் கேட்டபோது கடையில் கிடைத்த பதில், "எல்லா மிசினும் இப்படித்தான்" என்பது. அது சரியன்று, நிறையைப் பதியச் சொல்லிக் கேட்கும் கருவிகள் அதே கடையிலேயே இருந்தன. பார்க்கப் போகிறவர்கள் கலோரிக்காகச் செய்யவேண்டிய பரிசோதனை இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகாது: நிறையைப் பதிய இடமிருக்கிறதா என்று பொத்தான்களை அழுத்திப் பார்த்துவிட்டு, வெறும் பட்டியை ஓடவிட்டுத் திரையைக் கவனித்தால் போதும்.

நிறை பதியும் கருவிக்கு அந்தக் கடையில் ஏறத்தாழ இருபதாயிரம் ரூபாய் அதிகம் கேட்டார்கள். அந்த வசதிக்காக மட்டும் அவ்வளவு கொடுக்க நான் உடன்படமாட்டேன். அதே பணத்துக்கு நீளமான தளமோ வலுவான மோட்டாரோ கிடைக்குமானால், அதையே வாங்கச் சொல்வேன்.