கேஷ் வேறு, காசு வேறு: லென்ஸ் வைத்துப் படிக்கும் அகராதி

வங்கியில் 31 வருஷம் வேலை பார்த்தேன், பாதிக்கு மேல் கேஷ் கவுண்டரில். "கேஷ் என்கிற வார்த்தையே நம்ம காசிலிருந்து போனதுதான்" என்று புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளிடமெல்லாம் சொல்வேன். யாரோ எனக்குச் சொன்னது, நான் அவர்களுக்குச் சொன்னேன். ஓய்வு பெற்ற பிறகு அதை அகராதியிலேயே பார்த்துவிட வேண்டும் என்று வாங்கியதுதான் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1971 காம்பாக்ட் பதிப்பு. பழைய புத்தகக் கடை ஒன்றில் 4,200 ரூபாய்.

1933-இல் பன்னிரண்டு தொகுதியும் ஓர் இணைப்புமாக வந்த பேரகராதி இது. ஒரு சொல்லைக்கூட விடாமல், எழுத்தை மட்டும் சிறிதாக்கி, பழைய பக்கம் நான்கை ஒரே பக்கத்தில் அடுக்கியிருக்கிறார்கள். ஏ முதல் ஓ வரை ஒரு புத்தகம், பி முதல் இசட் வரை இன்னொன்று. இரண்டையும் செருகி வைக்க ஓர் அட்டைப் பெட்டி, அதன் தலையில் சின்ன இழுப்பறை, அதற்குள் லென்ஸ். என் பேரன் முதல் பக்கத்தைத் திறந்ததுமே, "ஆச்சி, எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு" என்றான். லென்ஸை வைத்தால் எறும்பெல்லாம் எழுத்தாகிவிடும். எனக்கு வந்த லென்ஸில் மட்டும் கீறல். கடைக்காரர் அதை முன்பே சொல்லியிருக்கலாம். விளக்கு வைத்த வேறொன்றை வாங்கிக்கொண்டேன்.

சரி, கேஷுக்கு வருவோம். ஒரே எழுத்துக் கூட்டலில் இரண்டு தனித்தனிப் பதிவுகள் இருக்கின்றன. முதலாவதுதான் நாம் தினமும் சொல்கிற கேஷ். அது பணமே இல்லை, பெட்டி! லத்தீனில் கப்ஸா என்றால் பெட்டி. அது இத்தாலியனில் கஸ்ஸா, பிரெஞ்சில் கேஸ் என்று ஆகி, 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வணிகரின் பணப்பெட்டிக்குப் பெயராக ஆங்கிலத்துக்குள் வந்தது. பிறகு பெட்டியின் பெயர் உள்ளிருந்த பணத்துக்கு ஒட்டிக்கொண்டது. நம் கடைத்தெருவில் கல்லா என்பது பெட்டிதான், ஆனால் "இன்னைக்குக் கல்லா எவ்வளவு?" என்றால் யாரும் பெட்டியின் விலையைச் சொல்வதில்லை. அதே வழிதான். நாம் விழுங்குகிற கேப்ஸ்யூலும் இந்தக் கப்ஸாவின் வயிற்றில் பிறந்ததுதான், குட்டிப் பெட்டி என்று பொருள். இதைப் படித்த அன்று என் மாத்திரை டப்பாவைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது கேஷ், சிறு நாணயம். இதன் மூலம் தமிழ்க் காசு என்று அகராதி சொல்கிறது, அதற்கும் பின்னால் கர்ஷ என்ற சமஸ்கிருத எடைப் பெயரைக் காட்டுகிறது. போர்த்துகீசியர் முதலில் காஸ், காஸ்ஸெ என்றெல்லாம் எழுதினார்கள். போகப்போகத் தங்கள் மொழியில் பெட்டியைக் குறிக்கும் சொல்லோடு குழப்பி கைஷ என்றாக்கினார்கள். நடுவில் சதுர ஓட்டை போட்ட சீனச் செப்புக் காசுக்கும் அதே பெயரைக் கொடுத்தார்கள். அதனால்தான் அதை இன்றும் ஆங்கிலத்தில் கேஷ் என்கிறார்கள். மதராஸில் கிழக்கிந்தியக் கம்பெனிக் கணக்கில் 80 கேஷ் சேர்ந்தால் 'பணம்' என்ற நாணயம் ஒன்று, 42 பணம் சேர்ந்தால் வராகன் என்ற பொன் நாணயம் ஒன்று. 1818-இல் ரூபாய் வந்து அந்தக் கணக்கு முடிந்தது.

ஆக, நான் சொல்லிக்கொண்டிருந்தது தப்பு. கவுண்டரில் எண்ணிய கேஷ் ஐரோப்பியப் பெட்டி. நம் காசு வேறு வாசல் வழியாகப் போய், அதே உடுப்பைப் போட்டுக்கொண்டது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. சீனத்து நாணயம்வரை நம் சொல் போயிருக்கிறது, அது பொய்ப்பெருமையைவிட எனக்குப் பெரிதாகத்தான் தெரிகிறது. ஆனால் அந்தப் பிள்ளைகளில் சிலருக்கு ஃபோன் போட்டுத் திருத்திச் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருக்க மனசு கேட்கவில்லை.

அப்புறம், கேஷியர். பெயர்ச்சொல்லாக வந்தால் பெட்டிக்காரர். ராணுவத்தில் அதிகாரியைப் பதவி பறித்து அனுப்புவதற்கும் ஆங்கிலத்தில் அதே சொல் உண்டு, ஆனால் அது டச்சு வழியாக வந்த வேறு வேர்.

இந்தப் பதிப்பில் புதிய சொற்களைத் தேடாதீர்கள். கம்ப்யூட்டர் என்று பார்த்தால் கணக்குப் போடும் மனிதர் என்றுதான் இருக்கிறது. அன்றாடப் பொருள் தெரிந்துகொள்ள ஃபோன் போதும். ஒரு சொல் எங்கே பிறந்து எந்தெந்த நூற்றாண்டில் எப்படி எழுதப்பட்டது என்று மேற்கோளோடு பார்க்க ஆசைப்படுகிறவர்கள் தயங்காமல் வாங்கலாம். கனம் அதிகம், மடியில் வைத்துப் படிக்க முடியாது. ஜன்னலோர மேஜை வேண்டும். பழைய பிரதி வாங்கினால், பணம் கொடுக்கும் முன் இழுப்பறையைத் திறந்து லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிடுங்கள்.