பொடுதலைக் கன்று: காசு கொடுத்து வாங்கலாமா?

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வளவு கடற்கரைக்குக் கிட்ட, மண் என்று சொல்ல முழுக்க மணல்தான், கிணற்றுத் தண்ணீரும் கோடையில் லேசாக உவர்க்கும். முற்றத்துக்கு முதலில் கார்பெட் புல் பதித்தேன். ஆனி மாதம் கச்சான் காற்று (தென்மேற்கிலிருந்து அடிக்கிற வறண்ட காற்று) தொடங்கி இரண்டே கிழமையில் வைக்கோலாகிவிட்டது.

அதற்குப் பிறகுதான் டவுனில் ஒரு பூங்கன்றுக் கடையில், புல்லுக்குப் பதிலாகத் தரையில் படர விட, பொடுதலைக் கொடி வாங்கினேன். பை ஒன்று 80 ரூபா, 12 பை. அம்மம்மா பார்த்துவிட்டு, "குளக்கரையில மாடு மிதிக்கிறதப் போய்க் காசு குடுத்து வாங்கி வந்தியோ" என்று சிரித்தா. பொடுகுக்கு அதைத் தேங்காயெண்ணெயில் காய்ச்சிப் பூசியதுதான் அவவுக்குத் தெரிந்த பொடுதலை.

கன்றுகளில் குறையில்லை. ஆனால் கடைக்காரர் முதலில் என் தலையில் கட்டப் பார்த்தது மஞ்சள் பூப் பூக்கும் வெடெலியா என்ற படர்கொடியை, அதுவும் "நம்மட ஊர் மஞ்சள் கரிசலாங்கண்ணிதான்" என்று சொல்லி. இரண்டும் வேறு வேறு. வெடெலியா வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது, உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்கள் பட்டியலில் இருக்கிறது. நல்லவேளை, இலையைப் பார்த்துச் சுதாரித்துக்கொண்டேன்.

ஐப்பசி மழையோடு ஓரடி இடைவெளி விட்டு நட்டேன். கொடி மண்ணில் படுகிற ஒவ்வொரு கணுவிலும் வேர் விடுவதால் தைப்பொங்கலுக்குள் இடைவெளி எல்லாம் மூடிவிட்டது. அப்புறம்தான் உறைத்தது, நாலு பை வாங்கி மழைக்காலத்தில் துண்டு துண்டாக வெட்டி ஊன்றியிருந்தாலே போதும், மிச்சக் காசு வீண். பூ சட்டைப் பொத்தானைவிடச் சின்னது, நடுவில் கருஞ்சிவப்பாக ஒரு தலை, அதைச் சுற்றி வெள்ளையும் இளம் ஊதாவுமாகக் குட்டிக் குட்டிப் பூக்கள் வளையம் கட்டி நிற்கும். குனிந்து பார்த்தால்தான் அழகு தெரியும். காலை ஒன்பது மணிக்கு மேல் சின்ன வண்ணத்துப்பூச்சிகளும் தேனீக்களும் வந்துவிடும். வெறுங்காலோடு ஓடிய மகன் ஒருநாள் கொட்டு வாங்கினான், அதனால் பிள்ளைகள் விளையாடும் பக்கம் மட்டும் பூ வர வர வெட்டிவிடுகிறேன். அவர்கள் கிரிக்கெட் அடித்து மிதித்தும் செடி சாகவில்லை. இந்த முறை கச்சானுக்குக் கிழமையில் இரண்டு நாள்தான் தண்ணீர் விட்டேன், இலை சிறுத்தது, அவ்வளவுதான்.

குறை என்றால், எல்லை என்ற ஒன்றே அதற்குத் தெரியாது. கத்தரிப் பாத்திக்குள் போய்விட்டது, ஓரத்தில் ஓடு புதைத்து வைத்தேன், அதன் மேலேயே ஏறிப் போகிறது, கேற்றுக்குக் கீழால் பக்கத்து வீட்டுக்கும் போயாச்சு. கிழமைக்கு ஒருமுறை கத்தரிக்கோலோடு குந்தப் பஞ்சிப்படுகிறவர்கள் இதைத் தொடவே வேண்டாம். மாமர நிழலில் ஐதாகத்தான் வளர்கிறது, பூவும் இல்லை.

செடிக்கு 5க்கு 4, கடைக்கு 3. உப்புவெளி, சாம்பல்தீவுப் பக்கம் இருக்கிறவர்கள் கடைக்குப் போக வேண்டாம், ஐப்பசி மழை தொடங்கியதும் ஒரு உரப்பையோடு வாருங்கள், வெட்டித் தருகிறேன்.