பழைய கார் சீட்டைப் புதுப்பித்தல்: சில வருஷம் ஓடிய பிறகு எது நிற்கிறது, எது போகிறது

புதிதாகத் தைத்த சீட் முதல் வருஷம் எப்படியும் அழகாகத்தான் இருக்கும். நாலைந்து வெயில் காலம் தாண்டிய பிறகு பிரித்துப் பார்த்தால், பெரும்பாலும் மேல் தோல் நன்றாகவே இருக்கிறது. அடியில் இருப்பவை கைவிட்டிருக்கின்றன. செலவு மட்டும் முழுக்க லெதருக்கே போயிருக்கும்.

முதல் அறிகுறி சீட்டுக்கு அடியில், கார்ப்பெட்டில் விழும் தூள். மஞ்சளாக, விரலில் தேய்த்தால் மாவாகப் போனால் அது ஃபோம். பழுப்பாக, முடியும் நாரும் கலந்திருந்தால் பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில், மெர்சிடிஸ் டபிள்யூ123 போன்ற கார்களில் வந்த, ரப்பர் பூசிய முடி அல்லது தேங்காய் நார் மெத்தை. இந்த நார் மெத்தை உடையாமல் இருந்தால் தூக்கி எறியாதீர்கள். காற்றோட்டமும் உட்காரும் உயரமும் அதில்தான் சரியாக வரும். அமுங்கிய இடத்தில் மட்டும் மேலே ஒரு மெல்லிய அடுக்கு சேர்த்தால் போதும்.

புது ஃபோம் சீக்கிரம் போவதற்கு முக்கியக் காரணம், ஸ்பிரிங் அதைக் கீழிருந்து அறுப்பது. நடுவில் கெட்டியான சாக்குத் துணி கட்டாயம் வேண்டும். அதைச் சும்மா விரித்தால் சில மாதத்தில் ஒரு பக்கமாகச் சுருண்டுவிடும்; ஒவ்வொரு ஸ்பிரிங் தலையோடும் மெழுகு நூலால் தைத்துக் கட்ட வேண்டும். அதற்கு முன்பே கம்பிச் சட்டத்தைத் துருநீக்கி, எபாக்சி பிரைமர் (துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு) அடித்து, நன்றாகக் காயவிட வேண்டும். ஈரத் துரு சாக்கையும் தின்னும், தையலையும் தின்னும்.

ஃபோம் வாங்கும்போது கடினத்தை மட்டும் அழுத்திப் பார்த்து ஏமாறக்கூடாது. அடர்த்தி கேளுங்கள். உட்காரும் பகுதிக்கு ஒரு கன மீட்டருக்கு 40 கிலோவுக்குக் குறைந்தது எடுபடாது. சாய்வுக்குக் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. உறையின் அளவைவிட ஓரங்களில் சுமார் 10 மி.மீ. பெரிதாக வெட்டினால் தோல் இழுத்துப் பிடித்து நிற்கும். அளவுக்கு அளவு வெட்டினால் ஒரு வருஷத்தில் சுருக்கம் விழும்.

தோலில் கவனிக்க வேண்டியது, எந்தப் பகுதியிலிருந்து வெட்டுகிறோம் என்பதுதான். முதுகுப் பகுதி அதிகம் நீளாது. உட்காரும் முகமும் சாய்வு முகமும் அதிலிருந்தே வர வேண்டும். வயிற்றுப் பகுதி இழுபடும். அதைச் சீட்டின் ஓரத்தில் கீழே தொங்கும் பகுதிக்கும் பின்பக்கத்துக்கும் ஒதுக்கலாம். இதைப் பார்க்காமல் துண்டுகளை நெருக்கி அடுக்கி மிச்சம் பிடித்த சீட்டில்தான் டிரைவர் பக்கம் மட்டும் தொங்கிப்போகிறது. பழைய உறையைத் தையல் பிரித்து, துண்டுகளுக்கு எண்ணும் இழுவைத் திசையும் எழுதி, அதையே பேட்டர்னாக வைக்கலாம். ஆனால் வருஷக்கணக்கில் நீண்டிருக்கும் துண்டை அப்படியே நகலெடுத்தால் புது உறையும் தொளதொளவென்றுதான் வரும். எதிர்ப்பக்கத்து இணைத் துண்டோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். மடிப்பு வரிசை உள்ள முகப்பில் ஒவ்வொரு தையலும் சில மி.மீ. விழுங்கும், ஒரு துண்டில் தைத்துப் பார்த்து, எவ்வளவு சுருங்குகிறது என்று அளந்த பிறகே முழு முகத்தையும் வெட்ட வேண்டும்.

நூல் பாலியெஸ்டராக இருக்கட்டும். பருத்தி நூல் ஈரத்தில் மக்கும், நைலான் வெயிலில் வலுவிழக்கும். தையல் நீளம் 4 மி.மீ. பொடித் தையல் பார்க்க அழகுதான், ஆனால் தபால்தலை ஓரம்போல அதே வரிசையில் தோல் கிழியும்.

ரெக்சினைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. தினமும் ஓடுகிற, வெயிலில் நிற்கிற வண்டிக்கு அது நியாயமான தேர்வு. ஆனால் அதையும் கடைசியில் கெடுப்பது வெப்பம்தான். நெகிழ்வு தரும் பொருள் வெளியேறி, கை வைத்தால் பிசுபிசுக்கும். பிறகு இறுகி, மடிப்பில் வெடிக்கும். ஜன்னல் கண்ணாடியின் உட்பக்கம் எண்ணெய்ப் படலம் படிந்தால் அது தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

பராமரிப்பு என்று சொல்லி எண்ணெயை ஊற்றுவது பெரிய கெடுதல். நிறப்பூச்சு உள்ள தோல் எண்ணெயை அதிகம் உறிஞ்சாது. அது தையல் துளை வழியாக இறங்கி, அடியில் ஒட்டிய பசையை இளக்கி, முகத்தை உப்பவைக்கும். ஈரத் துணியும் காரமில்லாத சோப்பும் போதும். டிரைவர் ஏறி இறங்குகிற பக்கத்து ஓரம்தான் முதலில் தேயும். அதற்காக அதே தோலிலிருந்து ஒரு முழத் துண்டை இருட்டில் சுருட்டி எடுத்து வையுங்கள். மடித்து வைத்தால் மடிப்புக் கோடு பிறகு போகாது.