முத்திரை வரியா, தேயிலையா?

அமெரிக்கக் குடியேற்றங்கள் பிரிட்டனை எதிர்த்து எழ எது பெரிய காரணம்?

1765 முத்திரைச் சட்டம் செய்தித்தாள், பத்திரம், சீட்டுக்கட்டு வரை வரி போட்டது. தங்கள் பிரதிநிதி ஒருவர்கூட இல்லாத நாடாளுமன்றம் வரி விதிப்பதா என்று மக்கள் கொதித்தார்கள். மறு ஆண்டே சட்டம் ரத்தானது.

1773 தேயிலைச் சட்டம் வேறு மாதிரி. அது விலையைக் குறைத்தது! சென்னையில் கோட்டை கட்டிய அதே கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அமெரிக்காவில் நேரடி விற்பனை உரிமை தந்தது. உள்ளூர் வணிகர்கள் ஓரங்கட்டப்பட்டார்கள். ஒரு பவுண்டு எடைத் தேயிலைக்கு 3 பென்ஸ் என்ற பழைய வரி மட்டும் அப்படியே நின்றது. மலிவுக்கு ஆசைப்பட்டு வாங்கினால் வரியையும் ஒப்புக்கொண்டதாகிவிடுமே! பாஸ்டனில் போராட்டக்காரர்கள் 342 தேயிலைப் பெட்டிகளைக் கடலில் வீசியது அதனால்தான்.

என் கணிப்பில் தேயிலையே கனமான காரணம். முத்திரை வரியில் பிரிட்டன் பின்வாங்கியது. தேயிலைக்கோ, 1774-இல் பாஸ்டன் துறைமுகத்தையே மூடியது. அப்புறம் அடுத்த ஆண்டே துப்பாக்கிச் சண்டை.