பக்கத்து வீட்டுப் பூனை, நம் வளவு மணல்: எந்த வழி சரிவரும்?

திருகோணமலையில் உப்புவெளி, அலஸ்தோட்டம், நிலாவெளிப் பக்கத்து வளவுகள் பெரும்பாலும் மணல். காய்ந்து உதிர்ந்த மணலைப் பூனை பீ இருக்கத் தேடிப் போகும்: காலால் கிளறினால் குழி விழும், இருந்துவிட்டு மூடுவதும் சுகம். அதனால்தான் ஒரே ஒழுங்கையில் சீமெந்து முற்றம் உள்ள வீட்டை விட்டுவிட்டு, புதிதாகக் கீரைப் பாத்தி போட்ட வீட்டுக்கே போகிறது. இருக்கிற வழிகள் எல்லாவற்றையும் ஒரு கேள்வியால் அளக்கலாம்: இது மணலை மாற்றுகிறதா, பூனையை மட்டும் வெருட்டுகிறதா? வெருட்டுவது எதுவும் நெடுநாள் நிற்பதில்லை.

பழி சொல்லுமுன் ஆள் யாரென்று பாருங்கள். மரநாய் மதில் மேலும் கூரையிலும் மூடாமல் விட்டுப்போகும், அதில் பழக்கொட்டைகள் தெரியும். பின்னேரம் ஈர்க்குமாற்றால் மணலைச் சமப்படுத்தி வைத்தால் காலையில் தடம் சொல்லும்: பூனைத் தடத்தில் நகம் விழாது, நாய்த் தடத்தில் விழும். எந்த வேலிப் பொட்டால் உள்ளே வருகிறது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

மணம் காட்டி விரட்டுவது

தேசிக்காய்த் தோல், தோடம்பழத் தோல், வினாகிரி, கோப்பி மண்டி. செலவில்லை, அதுதான் இதன் ஒரே பலம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தோல் ஒன்றிரண்டு நாளில் காய்ந்து மணம் போய்விடும். மாரியில் ஒரு மழையே போதும். புதுப்பித்துக்கொண்டே இருந்தால் ஓரளவு பிடிக்கும், விட்ட அன்று பூனை திரும்பும். கோட்டைப் பக்கமும் நகரத்துக்குள்ளும் இருப்பவர்களுக்கு இன்னொரு வில்லங்கம், பூனைக்குப் போட்ட தோலைத் தின்ன மான் வரலாம். கோப்பி மண்டியை விடுவதே நல்லது, வளர்ப்பு நாய் உள்ள வீட்டில் வேண்டவே வேண்டாம், கஃபீன் நாய்க்கும் பூனைக்கும் நஞ்சு.

செத்தல்மிளகாய்த் தூள் தூவுவது கொடுமை. காற்றுக்கு அது உங்கள் கண்ணுக்கே வரும். பூச்சி உருண்டை, மண்ணெண்ணெய், டெட்டோல் போன்ற பீனோல் வகைத் திரவங்கள் எதையும் மண்ணில் ஊற்றக் கூடாது. பீனோலை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. பாதத்தில் பட்டதை நக்கியே நஞ்சேறும். நீலம் கரைத்த தண்ணீர்ப் போத்தலை வரிசையாக வைப்பதால் பூனைக்கு ஒன்றும் ஆகாது. மூடி திறந்திருந்தால் நுளம்பு பெருகும், பிறகு பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வரும்போது பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

நிலத்தை மூடுவது

பலன் தருவதில் முதலிடம் இதற்குத்தான். பாத்திக்குக் கோழிக்கம்பி வலை நல்லது. ஒரு அங்குலக் கண் உள்ள வலையைத் தட்டையாக விரித்து, ஓரத்தை இரண்டு அங்குலம் மணலுக்குள் புதைத்து, கொண்டையூசி போல வளைத்த தடித்த கம்பியால் ஒன்றரை அடிக்கு ஒன்றாகக் குத்த வேண்டும். ஓரம் தூக்கி நின்றால் பூனை அதற்குக் கீழேயே கிளறும். பிழை வருவது இரண்டு இடத்தில். கீரையை வேரோடு பிடுங்குகிறவர்களுக்கு வலை தடை, ஆகவே வெட்டி எடுக்க வேண்டும், அல்லது நாற்று நான்கு அங்குலம் வந்ததும் வலையைக் கழற்ற வேண்டும். மிளகாய், கத்தரி என்றால் செடி நிற்கும் இடத்தில் வலையை நான்கு அங்குலத்துக்குக் குறுக்கும் நெடுக்கும் வெட்டி மடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் தண்டு பருக்கும்போது கம்பி இறுக்கும். கடற்காற்றுக்குத் துத்தநாகம் பூசிய கம்பியும் துருப்பிடிக்கும். பிளாஸ்டிக் உறை போட்டது கூடிய காலம் நிற்கும்.

கம்பிக்குப் பதிலாகப் பழைய தங்கூசி (நைலோன்) மீன்வலையை விரிப்பவர்கள் உண்டு. கடற்கரை ஊரில் அது சும்மா கிடைக்கிறதுதான், ஆனால் தளர்ந்து கிடக்கும் வலையில் பூனையின் நகம், ஓணான், சாரைப்பாம்பு எல்லாம் சிக்கும். வெயிலில் பாம்பை வெட்டி விடுவிக்கும் வேலை பூனைப் பீ அள்ளுவதைவிட மோசம்.

செடியில்லாத மூலைகளுக்கும் மதிலடிக்கும் சல்லி. முக்கால் அங்குலச் சல்லி, இரண்டு அங்குலக் கனம். 100 சதுர அடிக்கு ஏறக்குறைய 17 கன அடி வேண்டும். ஒரு கியூப் 100 கன அடி என்பதால் அது அப்படி ஆறு துண்டு நிலத்துக்குக் காணும். கீழே களைத்துணி போடாவிட்டால் மாரியில் சல்லி மணலுக்குள் இறங்கிவிடும். பொடிச் சல்லி வாங்க வேண்டாம், பூனை அதையும் மணலாகவே பாவிக்கும்.

காசு செலவழிக்க மனமில்லாதவர்களுக்குப் பனங்கருக்குமட்டை இருக்கிறது. பல் மேலே இருக்க நான்கு அங்குல இடைவெளியில் அடுக்கினால் பூனைக்கு இருக்க இடம் வராது. சில மாதத்தில் கறையான் தின்னும், பிள்ளைகள் ஓடும் முற்றத்துக்கு ஆகாது. நிரந்தர மூடாக்கு வேண்டுமென்றால் வத்தாளைக் கொடியை ஒரு அடிக்கு ஒன்றாக நடலாம், இரண்டு மாதமளவில் மண் தெரியாது. அதுவரை வலை இருக்கட்டும்.

கருவிகளும் மதிலும்

ஆள் அசைவு கண்டதும் தண்ணீர் அடிக்கும் கருவி பூனையை உண்மையாகவே தள்ளி வைக்கும். ஆனால் அதற்கு அழுத்தம் வேண்டும். 15 அடி உயரத் தாங்கியிலிருந்து வரும் தண்ணீருக்கு அரை பார் கூட இல்லை. பல கருவிகள் அதில் சொட்டுவதோடு சரி. பம்பில் நேரே பூட்ட முடிந்தால் மட்டும் யோசிக்கலாம். மனிதக் காதுக்கு எட்டாத ஒலி எழுப்பும் பெட்டிகள் வருகையைக் குறைக்கும், நிறுத்தாது. பூனைக்குப் பூனை பலன் மாறும், செவிட்டுக் கிழட்டுப் பூனைக்கு ஒன்றுமேயில்லை. உப்புக்காற்றில் பற்றரி முனைகள் பச்சை பிடிப்பதையும் கணக்கில் எடுங்கள்.

மதில் பெருஞ்செலவு. ஐந்தடி மதிலைப் பூனை ஒரே தாவலில் பிடிக்கும். கிடுகு வேலியும் மரக்கட்டையும் அதற்கு ஏணி, கண்ணாடித் துண்டு பதித்த மதிலில் இடைபார்த்துக் கால் வைக்கும். மதில் உச்சியில் கம்பி இழுத்து, அதில் சுழலும்படி நான்கு அங்குல பிவிசி குழாய் கோர்த்தால் பிடி கிடைக்காமல் விழும். ஆனால் அருகில் ஒரு வேப்பங்கிளையோ முருங்கையோ சாய்ந்திருந்தால் அத்தனையும் வீண்.

பூனைக்கு வேறிடம் கொடுப்பது

வலை விரித்து விட்டுவிட்டால் பூனை அடுத்த வீட்டுக்குப் போகும், அவ்வளவுதான். வலையோடு சேர்த்துச் செய்ய வேண்டியது, பூனை வளர்ப்பவரின் வளவிலேயே ஒரு மணல் மூலை. மூன்றடிக்கு மூன்றடி, எட்டு அங்குல ஆழம், ஆள் நடமாட்டம் இல்லாத நிழல். உங்கள் வளவில் அள்ளிய பீயில் கொஞ்சத்தை முதல்நாள் அங்கே புதைத்தால் பூனை அடையாளம் பிடிக்கும். வளவில் பிடுங்கிய குப்பைமேனியையும் வேரோடு அங்கேயே போடுங்கள். அந்த வேருக்குப் பூனை விழுந்து புரளும், உங்கள் பக்கம் கிடக்க விடாதீர்கள்.

கேட்கும் விதத்தில்தான் காரியம். "அக்கா, உங்கட பூனையால சீவிக்க ஏலாது" என்று தொடங்கினால் வேலி இன்னும் ஒரு முழம் உயரும். "அக்கா, கீரை போடப்போறன், உங்கட பின்மூலையில நானே ரெண்டு வாளி மணல் கொட்டித் தரட்டா?" என்றால் மறுப்பவர் குறைவு. அதே மூச்சில் கருத்தடையையும் பேசிவிடலாம். மதிலிலும் கதவிலும் கடுவன் பீச்சும் மூத்திரத்துக்கு வலையும் சல்லியும் மருந்தல்ல. நலம் எடுத்தால் (விதையடித்தால்) பெரும்பாலான கடுவன்கள் அதை நிறுத்தும். பெட்டை நான்கைந்து மாத வயதிலேயே சினைப்படலாம், சுமப்பது இரண்டு மாதம். கால்நடை வைத்தியரிடம் போகும் செலவில் பாதியை நீங்கள் ஏற்றாலும் மதிலைவிட மலிவு. நஞ்சு வைப்பது 1907 ஆம் ஆண்டு மிருகவதைச் சட்டம் உள்ள நாட்டில் குற்றம், அது ஒப்பீட்டுக்கே வராது. பேச்சு முறிந்தால் மத்தியஸ்த சபை இருக்கிறது.

மீன் வெட்டும் இடத்தையும் பாருங்கள். செதிளும் குடலும் கிணற்றடியில் கிடந்தால் மேலே சொன்ன எதுவும் எடுபடாது. மூடியுள்ள வாளியில் போடுங்கள், புதைத்தால் ஒன்றரை அடி ஆழம், மேலே ஒரு கல்.

எந்த வழியை எடுத்தாலும் அள்ளுவது தினமும் நடக்க வேண்டும். பூனை மலத்தில் வரும் டொக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் முட்டை தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது எடுக்கும், அன்றன்றே எடுத்தால் அந்த ஆபத்து குறையும். கர்ப்பிணிகள் இந்த வேலைக்குப் போகக் கூடாது. கையுறை போட்டு, சுற்றியுள்ள மணலையும் மூன்று அங்குலம் சவளால் சேர்த்து எடுத்துப் பையில் கட்டிக் குப்பைக்குப் போடுங்கள். கூட்டெருவுக்கும் கிணற்றுப் பக்கத்துக்கும் கொண்டுபோக வேண்டாம். கொக்கிப்புழு இந்த மணலில் வளர்ந்து வெறுங்காலுக்குள் நுழையும் என்பதால் செருப்பும் வேண்டும். சீமெந்துத் தரையென்றால் சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்து, கொதிநீர் ஊற்றுங்கள். அமோனியா கலந்த திரவத்தால் கழுவினால் மூத்திர மணம் என்று நினைத்துப் பூனை அதே இடத்துக்கு வரும்.