21 செ.மீ. ஹைட்ரஜன் கோட்டைப் பிடிக்க: ஹார்னா, டிஷ்ஷா, யாகியா?

பால்வீதியில் உள்ள நடுநிலை ஹைட்ரஜன் 1420.4 மெகாஹெர்ட்ஸில் (21 செ.மீ. அலைநீளம்) வெளியிடும் ரேடியோ நிறமாலைக் கோட்டை மொட்டைமாடியிலிருந்தே பிடிக்கலாம். ஆன்டெனா தேடுபவர்கள் முதலில் பார்ப்பது கெயினை, அதாவது ஒரு திசையில் அது எவ்வளவு குவித்து வாங்குகிறது என்பதை. இந்த வேலையில் கெயின் இரண்டாம்பட்சம்தான்.

காரணம் எளிது. பால்வீதியின் வாயு ஒரு புள்ளியாக இல்லை, வானமெங்கும் விரிந்து கிடக்கிறது. பீம் (ஆன்டெனா ஒரே நேரத்தில் பார்க்கும் வானப்பகுதி) முழுவதையும் வாயு நிரப்பிவிட்டால், ஆன்டெனாவுக்குக் கிடைப்பது வாயுவின் ஒளிர்வு வெப்பநிலை (ரேடியோ ஒளிர்வைக் கெல்வினில் சொல்லும் அளவு) மட்டுமே. டிஷ் 1 மீட்டரானாலும் 25 மீட்டரானாலும் அது அதிகரிக்காது. பால்வீதித் தளத்தில் அந்த அளவு 100 கெல்வினை ஒட்டி இருக்கும். தரையோ 290 கெல்வின். ஆன்டெனா வாங்கும் ஆற்றலில் பத்து சதவீதம் தரையிலிருந்து வந்தாலே 29 கெல்வின் இரைச்சல் ஏறிவிடும். ஆகவே ஒப்பிட வேண்டியது, எந்த ஆன்டெனா தரையைக் குறைவாகப் பார்க்கிறது என்பதைத்தான்.

இந்தக் கணக்கில் ஹார்ன், அதாவது வாய் விரிந்த உலோகப் பெட்டி, தெளிவாக முன்னால் நிற்கிறது. பக்கச் சுவர்களே தரையை மறைத்துவிடுவதால் பின்பக்கக் கசிவு மிகக் குறைவு. வாய் 75 × 60 செ.மீ., பக்கத் தகடுகள் சுமார் 70 செ.மீ. நீளம் என்று வைத்தால் ஏறக்குறைய 18 டெசிபல் கெயினும் 19 டிகிரி பீமும் கிடைக்கும். தகடுகளைக் குட்டையாக்கினால் வாயின் ஓரத்தில் கட்டப் பிழை (நடுவோடு அலை இசையாமல் போவது) கூடி, கெயின் குறையும், பக்க மடல்கள் (பீமுக்கு வெளியே வாங்கும் திசைகள்) வளரும். பலகைக்கு மேல் சமையலறை அலுமினியத் தாள் ஒட்டினாலே போதும்: இந்த அதிர்வெண்ணில் மின்னோட்டம் உலோகத்துக்குள் 2 மைக்ரானுக்குச் சற்று மேல்தான் இறங்குகிறது, தாளின் தடிமன் அதைவிடப் பல மடங்கு. மூலைகளில் மட்டும் தாள் விட்டுப்போகாமல் நன்றாக மேலேறி ஒட்டியிருக்க வேண்டும்.

ஹார்னின் அடியில், அலையைக் கேபிளுக்கு மாற்ற வைக்கும் செவ்வக டின்னில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். 16.5 × 10.5 செ.மீ. டின் என்றால், அகலமான முகத்தின் நடுக்கோட்டில், பின்சுவரிலிருந்து 6.9 செ.மீ. தள்ளி கனெக்டரைப் பொருத்த வேண்டும். 21.1 செ.மீ. அலைநீளத்தில் கால் பங்கு என்று கணக்கிட்டு 5.3 செ.மீ.யில் துளையிட்டால் பொருத்தம் கெடும். டின்னுக்குள் அலைநீளம் 27.5 செ.மீ. ஆக நீண்டுவிடுவதே காரணம். கனெக்டரிலிருந்து டின்னுக்குள்ளே நீளும் செம்புக் கம்பி மட்டும் 5.2 செ.மீ. அளவில் தொடங்கலாம், பிறகு துளித்துளியாக வெட்டிச் சரிசெய்யலாம்.

ஹார்னின் குறை மழை. மேல்நோக்கி வைத்த ஹார்ன் ஒரு புனல். 1951 மார்ச்சில் ஹார்வர்டில் இயற்பியலாளர்கள் யூவனும் பர்செலும் இந்தக் கோட்டை முதன்முதலில் கண்டதும் ஜன்னலுக்கு வெளியே நீட்டிய ஒரு ஹார்னில்தான். மழைத் தண்ணீர் அதன் வழியே ஆய்வகத்துக்குள்ளேயே இறங்கியது. வாயில் மெல்லிய பாலிதீன் தாளை இழுத்துக் கட்டினால் போதும், அலைக்கு அது தடையே இல்லை.

டிஷ்ஷின் பலம் கூர்மை. 1.8 மீட்டர் டிஷ்ஷுக்கு பீம் சுமார் 8 டிகிரி, கெயின் 26 டெசிபல். மேற்பரப்பில் 1.3 செ.மீ. வரை கோணல் இருந்தாலும் பாதகமில்லை. பழைய கேபிள் டிவி சி-பேண்ட் வலை டிஷ் தாராளமாகப் போதும். குவியத்தைக் காண, விட்டத்தின் வர்க்கத்தை ஆழத்தின் 16 மடங்கால் வகுக்க வேண்டும்: 180 செ.மீ. விட்டம், 28 செ.மீ. ஆழம் என்றால் 72 செ.மீ. அங்கே வைக்கும் உருளை டின்னின் விட்டம் 12.4 செ.மீ.க்குக் கீழே போனால் அலை உள்ளே நுழையாது. 16.2 செ.மீ.க்கு மேலே போனால் வேண்டாத இன்னொரு அலைவடிவமும் சேர்ந்துகொள்ளும். 15 செ.மீ. டின்னில் கம்பி பின்சுவரிலிருந்து 9.3 செ.மீ., 16 செ.மீ. டின்னில் 8.3 செ.மீ.

ஆனால் டிஷ் நேர் உச்சியைப் பார்க்கும்போது, குவியத்தில் உள்ள டின் கீழே பார்க்கிறது. விளிம்பைத் தாண்டிக் கசிவதெல்லாம் நேராகத் தரையில் விழுகிறது. ஹார்னுக்கு அந்தத் தொல்லை இல்லை. இதோடு காற்றும் உண்டு: தகட்டு டிஷ்ஷானால், மணிக்கு 60 கி.மீ. காற்றில் சுமார் 55 கிலோ எடைக்குச் சமமான தள்ளுவிசை தாங்க வேண்டும். வீட்டு டிவிக்கான 60 செ.மீ. டி.டி.எச். டிஷ்ஷை இதற்கு எடுக்க வேண்டாம். மூன்று அலைநீளம்கூட அகலமில்லாத கிண்ணம் அது.

யாகி, அதாவது பழைய டிவி ஆன்டெனா போலக் கம்பிகளை வரிசையாக நிறுத்திய வகை, மலிவு, இலகு, தூக்கிச் செல்ல வசதி. ஒவ்வொரு கம்பியும் 9 செ.மீ. அளவே என்பதால் 1 மி.மீ. பிழையே 15 மெகாஹெர்ட்ஸ் நகர்த்திவிடும். பக்கமும் பின்னும் தரையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். கோடு தெரியும்தான், ஆனால் அளவீட்டுக்கு அதை நம்ப மாட்டோம்.

எதை எடுத்தாலும் எல்.என்.ஏ.வை (குறைந்த இரைச்சல் பெருக்கி) ஆன்டெனாவின் கனெக்டரிலேயே பொருத்துங்கள். அதற்கு முன்னால் கேபிளில் இழக்கும் அரை டெசிபல் 35 கெல்வின் இரைச்சலாகத் திரும்பி வரும்; நல்ல எல்.என்.ஏ. ஒன்றின் மொத்த இரைச்சலே கிட்டத்தட்ட அவ்வளவுதான். 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலம் தரும் சாதாரண எஸ்.டி.ஆர். டாங்கிள் (கணினியில் செருகும் சிறு ரேடியோ ரிசீவர்) சுமார் 500 கி.மீ./விநாடி திசைவேக வீச்சைக் காட்டும், பால்வீதிக்கு அது போதும். மொத்த இரைச்சல் 150 கெல்வினாக இருந்தாலும், 10 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் ஐந்து நிமிடம் சராசரி எடுத்தால் சிதறல் 0.1 கெல்வினுக்குக் கீழே இறங்கிவிடும்.

அப்படியானால் டிஷ் எப்போது? பால்வீதியின் சுருள் கரங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்னும்போது. 19 டிகிரி பீமில் பால்வீதித் தளத்தில் அருகருகே உள்ள திசைகளின் (தீர்க்கரேகைகளின்) நிறமாலை உச்சிகள் ஒன்றோடொன்று குழைந்துவிடும். நெதர்லாந்தில் கூட்வைக்கில் 7.5 மீட்டர் வுர்ட்ஸ்பர்க் டிஷ் (பழைய ஜெர்மன் ரேடார் டிஷ்) வைத்திருந்த முல்லரும் வானியலாளர் ஊர்ட்டும் 1951 மே மாதம், ஹார்வர்டுக்குச் சில வாரங்கள் பிந்தித்தான் கோட்டைப் பிடித்தார்கள். கரங்களின் வரைபடம் வளர்ந்தது அந்த டிஷ்ஷில்.

முதல் ஆன்டெனா ஹார்னாக இருக்கட்டும். எல்.என்.ஏ.வும் டாங்கிளும் பின்னர் டிஷ்ஷுக்கு அப்படியே மாறிக்கொள்ளும். கட்டி முடித்ததும் கோட்டைத் தேடுவதற்கு முன், ஹார்னைத் தரையை நோக்கிக் கவிழ்த்து ஒரு அளவு, பால்வீதி இல்லாத குளிர்ந்த வானத்தில் ஒரு அளவு எடுங்கள். வித்தியாசம் 5.5 டெசிபல் என்றால் ரிசீவரின் இரைச்சல் சுமார் 100 கெல்வின், நல்ல நிலை. 3 டெசிபல்தான் என்றால் 270 கெல்வின். கனெக்டர் சாலிடரையும் கம்பியின் நீளத்தையும் மறுபடி பாருங்கள்.