செக்சம் போதுமா, ஜிபிஜி கையொப்பம் வேண்டுமா?

லினக்ஸ் போன்ற இயங்குதளத்தை நிறுவ உதவும் ஐஎஸ்ஓ கோப்பை இறக்கியதும், கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் 64 எழுத்துத் தொடரான ஷா-256 செக்சம், தளத்தில் கொடுத்ததோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு, சரி, வேலை முடிந்தது என்று பலரும் நகர்ந்துவிடுகிறார்கள். டவுன்லோடு பாதியில் சிதைந்ததா என்று அறிய அது அருமையான சோதனைதான். ஒரு பிட் மாறினாலும் அந்த 64 எழுத்துத் தொடரே அடியோடு மாறிவிடும். ஆனால் கோப்பும் செக்சமும் ஒரே சர்வரில் கிடந்தால், உள்ளே புகுந்தவன் இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடலாம். 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தின் இணையதளத்தை உடைத்தவர்கள் டவுன்லோடு சுட்டியையே பின்கதவு (கணினிக்குள் திருட்டுத்தனமாக நுழையும் வழி) வைத்த ஐஎஸ்ஓவுக்குத் திருப்பிவிட்டார்கள்.

ஜிபிஜி என்ற குறியாக்க மென்பொருளால் போடும் டிஜிட்டல் கையொப்பம் வேறு ரகம். அதைப் போடத் தேவையான ரகசியச் சாவி டவுன்லோடு சர்வரில் இருக்கவேண்டியதே இல்லை, அதனால் சர்வர் உடைக்கப்பட்டாலும் கையொப்பத்தைப் போலியாக உருவாக்க முடியாது. தொல்லை எங்கே என்றால், கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் பொதுச் சாவியை எங்கிருந்து எடுத்தோம் என்பதில். அதே பக்கத்தில் இருந்த சாவியை அப்படியே இறக்கிச் சேர்த்துக்கொண்டால் பழைய கதைதான். ஜிபிஜி 'குட் சிக்னேச்சர்' என்று சொன்ன கையோடு, இந்தச் சாவி அதன் உரிமையாளருடையதுதான் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று ஒரு எச்சரிக்கையும் காட்டும். பெரும்பாலோர் அதைப் படிப்பதே இல்லை. அங்கே தெரியும், சாவியை அடையாளம் காட்டும் 40 எழுத்து கைரேகையை வேறொரு இடத்தில், முடிந்தால் பழைய அறிவிப்பு ஒன்றில், ஒப்பிட்டுப் பாருங்கள்.

என் ஓட்டு கையொப்பத்துக்கே. ஆனாலும் 2024இல் எக்ஸ்இசட் யூட்டில்ஸ் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளின் பின்கதவு வைத்த 5.6.0, 5.6.1 பதிப்புகள் முறையான கையொப்பத்தோடுதான் வெளிவந்தன, ஏனென்றால் பின்கதவை வைத்ததே சாவியைக் கையில் வைத்திருந்த பராமரிப்பாளர்.